மொட்டைக் கிளையில் இரண்டு காகித இலைகள்

கராசாவாவை ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை. எழுபத்தேழு வயது. எங்கள் பகுதிச் சாலைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர். பள்ளிக்கூடம் திறக்கும் நாட்களில் மஞ்சள் கொடியோடு நின்று பிள்ளைகளைச் சாலை கடக்க வைத்தவர். எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன், எனக்கு மனம் வரவில்லை. ‘அவன்’ என்றுதான் எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் இது அவன் கதை இல்லை, சனாயே கிதாஹாராவின் கதை. ஈடா நகரத்தில் ஆற்றைப் பார்த்த சரிவில் எங்கள் ஓட்டுநர் பள்ளி இருக்கிறது. சனாயே அங்கே பயிற்றுநர். நான் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து பதினேழு வருஷமாகிறது. எந்த ஆள், எந்த வண்டி, எந்தப் பயிற்றுநர் என்று பட்டியல் போடுவது என் வேலை. இந்தக் கதையில் என் கைவேலையும் கொஞ்சம் உண்டு. அதையும் மறைக்கப் போவதில்லை.

சனாயேவுக்கு நாற்பத்தைந்து வயது. குள்ளம். ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டிய முடி. கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, அதன் நுனியில் சட்டைக்குள், கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் அவள் பெயர் முத்திரை தொங்கும். எல்லோரும் முத்திரையை மேஜை இழுப்பறையில் போட்டுவைத்திருப்போம். அவள் மட்டும் குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டாள் என்று பயிற்றுநர்கள் கேலி செய்வார்கள். அவள் சிரிக்கமாட்டாள். வண்டியில் ஏறியதும் முதலில் ஒரு பொத்தானை அழுத்துவாள், பிறகுதான் பெல்ட் போடுவாள். சிவப்பு விளக்கில் நின்றால் இன்ஜினைத் தானே அணைக்கிற ஏற்பாட்டை நிறுத்தி வைக்கும் பொத்தான் அது. ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் அழுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் வண்டி தன் இஷ்டத்துக்குப் போய்விடும்.

அவள் எங்களிடம் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள், மதியச் சோற்றுருண்டையைப் பிரித்துக்கொண்டே கேட்டேன்.

“ஏம்மா, ஆப்பிள் தரம் பிரிக்கிற வேலையில நல்லாத்தானே இருந்த? இங்க எதுக்கு வந்து தெரியாதவங்க பக்கத்துல உட்கார்ந்து உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு?”

“அக்கா, இந்த ஊர்ல எழுபது வயசு ஆன எல்லாரும் உரிமம் புதுப்பிக்க ஏதாவது ஒரு ஓட்டுநர் பள்ளிக்கு வந்துதானே தீரணும்?”

“ஆமா. அதுக்கு?”

“ஒருத்தர் வரணும். அவருக்காகத்தான்.”

சோற்றுருண்டையைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததையும் சொல்லத்தான் வேண்டும். பழியை மறந்துவிட்டேன் என்று சொல்கிறவர்களை நான் அதிகம் நம்புவதில்லை. அன்று அவள் முழுக் கதையையும் சொன்னாள்.

முன்பு அவள் ஒரு கம்பெனியில் இருந்தாள். உணவகங்களுக்கு மிசோ விழுது, சோயா, எண்ணெய், ஊறுகாய் வாளி எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனி. வெள்ளை வேன்கள் ஒன்பது, பக்கத்தில் பச்சை எழுத்து. கராசாவா அங்கே மேனேஜர். ஒரு வருஷம் ஒன்பது வேன்களையும் புதிதாக மாற்றினார்கள். புது வேன்கள் பிரேக்கை மிதித்து நின்றதும் மூச்சை அடக்கிக்கொள்ளும், முகப்பில் பச்சையாக ஒரு விளக்கு எரியும். காலை எடுத்தால் ஒரு உலுக்கலோடு தானே கிளம்பும். எத்தனை நேரம் இன்ஜின் அணைந்திருந்தது என்பதை வண்டியே நிமிடமும் விநாடியுமாகக் காட்டும்.

கராசாவாவுக்கு அதில் பெரிய ஆசை வந்துவிட்டது. அலுவலகச் சுவரில் காகிதத்தில் ஒரு மரம் ஒட்டினான். ஒன்பது கிளை, ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டுநர் பெயர். இன்ஜின் அணைந்திருந்த ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒரு பச்சைக் காகித இலை. இலையில் நாளையும் நேரத்தையும் தன் கையாலேயே எழுதி, திங்கட்கிழமை காலை எல்லோரும் வரிசையாக நிற்கும் கூட்டத்தில் படித்துக்காட்டிவிட்டு ஒட்டுவான்.

சனாயேவின் கிளையில் ஒரு இலைகூட இல்லை. அவளுக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. எங்கள் ஊர் முழுக்கச் சரிவு. மேட்டில் நின்று கிளம்பும்போது இன்ஜின் உயிர்பெறுகிற அந்த அரை விநாடியில் வண்டி தன் கையில் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் தினமும் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டுத்தான் ஓட்டினாள். பதினாறு வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவள். அப்படிப்பட்டவர்களுக்கு மட்டும் தரும் தங்கக் கோடு போட்ட உரிமம் வைத்திருந்தவள். கூட்டத்தில் அவள் பெயர் ‘மொட்டை’.

“மொட்டை சான், இந்த வாரமும் மொட்டைதானா? வசந்தம் வந்தாவது துளிர்க்குமா?” என்று, மரியாதைக்குச் சேர்க்கும் ‘சான்’ போட்டே கேட்பான் கராசாவா. எட்டுப் பேரும் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த வாரம் அவர்களுக்கும் ஒரு பெயர் கிடைக்கும்.

அந்த நவம்பரில் ஒரு வியாழக்கிழமை அவன் வண்டி பழுதுபார்க்கப் போயிருந்தது. மதியம் சனாயேவைக் கிடங்கில் போய் மிசோ வாளிகளை எண்ணச் சொன்னான். அவள் வேனின் சாவியை வாங்கிக்கொண்டு போனான். அவள் தனியாக மாலை வரை வாளி எண்ணினாள். மறுநாள் காலை வேனின் முன் பக்கம் நசுங்கியிருந்தது.

“நிறுத்துற இடத்துல கம்பத்துல தொட்டுட்டேன். சரி பண்ணச் சொல்லிடறேன், நீ உன் வேலையைப் பாரு” என்றான்.

அவள் பொத்தானை அழுத்தப் போனபோது முகப்பில் எண் தெரிந்தது. பதினொரு நிமிடம் நாற்பது விநாடி. அதுவரை எப்போதும் பூஜ்யமாக இருந்த எண்.

திங்கட்கிழமை காலை அதே எண்ணை அவனே கூட்டத்தில் படித்தான். எட்டு வண்டியின் காகிதத்தோடு இதையும் ஒரே வேகத்தில் படித்துக்கொண்டு போனவனுக்கு, அது தன் கால் செய்த வேலை என்று அந்த நிமிடம் உறைக்கவே இல்லை.

“பாருங்க, மொட்டை துளிர்த்திருச்சு. கிதாஹாரா சானுக்கு ஞானம் வந்திருச்சு. வியாழக்கிழமை, பதினொன்று நாற்பது. ரெண்டு இலை.”

எல்லோரும் கைதட்டினார்கள். நாளையும் நேரத்தையும் எழுதி இரண்டு இலைகளை ஒட்டினான். அன்று மதியமே போலீஸ் வந்தது.

நடந்தது இதுதான். மேட்டுத் தெருவில் ஷிமோஹிரா என்ற விவசாயியின் பெர்சிமன் பழக் கொட்டகை இருக்கிறது. தோல் சீவிய பழங்களைக் கயிற்றில் கோத்து, திரைபோல வரிசை வரிசையாகக் காயவிட்டிருந்த நேரம். வியாழன் மதியம் ஒரு வெள்ளை வேன் சரிவில் இறங்கி வந்து கொட்டகைக்குள் புகுந்து, கம்புகளைச் சாய்த்து, நாலாயிரம் பழத்தைச் சேற்றில் போட்டுவிட்டு, பின்வாங்கி ஓடிப்போயிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் பட்டது பச்சை எழுத்தும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கமும்தான். ஓட்டியவர் முகத்தை அவர் பார்க்கவில்லை.

போலீஸ்காரர் ஓட்டக் குறிப்பேட்டைக் கேட்டார். அந்த வேனுக்கு அன்று முழுவதும் சனாயேவின் முத்திரை குத்தியிருந்தது. எங்கள் ஊர் அலுவலகங்களில் அது வழக்கம். ஆளுக்கொரு மலிவு முத்திரையை ஒரு தகர டப்பாவில் போட்டுவைப்பார்கள். ஆள் இல்லாத நேரத்தில் யாராவது எடுத்து அவர்களுக்காகக் குத்திவிடுவார்கள், வேலை நிற்காது. நானும் எத்தனையோ பேருக்குக் குத்தியிருக்கிறேன். சனாயேவும் தன் முத்திரையை அந்த டப்பாவில்தான் போட்டுவைத்திருந்தாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

“நான் ஓட்டல சார். என்னைக் கிடங்குக்குப் போகச் சொன்னது மேனேஜர்தான். சாவியை அவர்தான் வாங்கிட்டுப் போனார்.”

போலீஸ்காரர் கராசாவாவைப் பார்த்தார். அவன் தலையைச் சாய்த்து யோசித்தான்.

“அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகமில்லையே.”

அந்த நாலு சொல்லை சனாயே எனக்கு அவன் குரலிலேயே சொல்லிக்காட்டினாள். அவள் சுவரில் இருந்த இலைகளைக் காட்டியிருக்கிறாள். நான் ஓட்டினால் இன்ஜின் அணையவே அணையாது, அன்றைக்கு மட்டும் எப்படி அணைந்தது என்று கேட்டிருக்கிறாள். போலீஸ்காரர் எழுதிக்கொண்டு, “பொத்தானை அழுத்த மறந்திருக்கலாமேம்மா” என்றார். முத்திரை சிவப்பாகக் காகிதத்தில் இருந்தது, அதற்கு முன்னால் காகித இலை என்ன செய்யும்?

மூன்று நாள் தாக்குப்பிடித்தாள். கம்பெனிக்கு அந்த வருஷம் பாதுகாப்பான ஓட்டத்துக்கான பாராட்டு வரவிருந்தது. இழுத்துக்கொண்டே போனால் எல்லோருக்கும் கெட்ட பெயர் என்று எட்டுப் பேரும் ஒவ்வொருவராக வந்து அவள் மேஜையருகே நின்று பெருமூச்சு விட்டார்கள். நாலாம் நாள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். உரிமம் முப்பது நாள் முடங்கியது. தங்கக் கோடு போயிற்று.

அதையெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாள் என்று நினைக்கிறேன். பொறுக்க முடியாதது அதற்கு அடுத்த நாள் நடந்தது. மன்னிப்புக் கேட்க கராசாவா அவளை ஷிமோஹிராவின் கொட்டகைக்கு அழைத்துப்போனான். நசுங்கிய பழங்கள் இன்னும் தரையில் கிடந்தன. அவள் மண்டிபோட்டுக் குனிந்தாள். அப்படிக் குனிந்தவர் தானாக நிமிரக்கூடாது. எதிரே இருப்பவர் ‘தலையை நிமிர்த்துங்கள்’ என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் நிமிரலாம். ஷிமோஹிரா எதுவும் சொல்லவில்லை. அப்போது கராசாவா அவள் பிடரியில் கையை வைத்து இன்னும் கீழே அமுக்கினான். நெற்றி சேற்றில் பட்டது.

“சரியா குனியத் தெரியாத பொண்ணு, மன்னிச்சிடுங்க. வளர்த்தவங்க கத்துக்கொடுக்கல” என்றான்.

ஷிமோஹிரா அப்போதும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். கராசாவாவே போதும் என்று கையை எடுத்தான். தலையை நிமிர்த்துங்கள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு பதினோரு வருஷம், வழியில் எங்கே பார்த்தாலும் ஷிமோஹிரா அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கம்பெனியை விட்டு வெளியேறிய நாளில் அவள் சுவரிலிருந்து அந்த இரண்டு இலைகளையும் உரித்துக்கொண்டாள். உரிமம் வைக்கும் உறைக்குள் இன்னும் வைத்திருக்கிறாள். பிரித்துக் காட்டினாள். பச்சை வெளிறி மஞ்சளாகியிருந்தது. கராசாவாவின் கையெழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

“ஷிமோஹிரா சான் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடணும் அக்கா. அது நடக்கணும்னா, அந்த ஆள் அந்தக் கொட்டகையில வந்து குனியணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

எழுபது வயதுப் பாடத்துக்குக் கராசாவா வேறொரு பள்ளிக்குப் போனான். எழுபத்து மூன்றிலும் அங்கேதான் போனான். ஒவ்வொரு முறையும் செய்தி கேள்விப்பட்டு சனாயே போய் வண்டிகளைக் கழுவுவாள். அன்றைக்கு வண்டிகள் எல்லாம் பளபளவென்று இருக்கும்.

எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள் முந்தைய மூன்று வருஷத்தில் பெரிய தப்பு ஏதாவது செய்திருந்தால், உரிமத்தைப் புதுப்பிக்கும் முன் ஓட்டிக்காட்டித் தேற வேண்டும். கராசாவா ரயில் நிலையத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கைத் தாண்டியிருந்தான். மற்றப் பள்ளியில் இரண்டு மாதத்துக்கு இடமில்லை. அவன் பிறந்தநாளுக்குள் முடிக்க வேண்டும். ஒரு செப்டம்பர் காலையில் என் மேஜையில் தொலைபேசி அடித்தது. பெயரைக் கேட்டேன், சொன்னான். என் கை எழுதிக்கொண்டே இருந்தது, ஆனால் காது சூடாகிவிட்டது.

அந்த நாளுக்குப் பயிற்றுநர்களில் மூன்று பேர் தேர்வாளர்களாக இருந்தார்கள். கராசாவாவை நான் சனாயேவின் கட்டத்தில் போட்டேன். பட்டியலைச் சுவரில் ஒட்டியபோது அவள் பின்னால் வந்து நின்று நீண்ட நேரம் படித்தாள்.

“நன்றி அக்கா.”

“எதுக்கு? அகரவரிசையில வந்தது.”

அகரவரிசையில் வரவில்லை. அவளுக்கும் தெரியும்.

அந்த நாள் அவன் நல்ல கோட்டு, சங்கத்தின் பித்தளை வில்லை, முகக்கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு வந்தான். சனாயேவும் முகக்கவசம் போட்டிருந்தாள். ஆனால் மார்பில் பெயர் பெரிதாக இருந்தது. அவன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி அந்தப் பெயரைப் படித்தான். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. மறைக்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், இது அது இல்லை. உண்மையாகவே அவளை மறந்திருந்தான். பதினோரு வருஷமாக அவள் தூக்கிக்கொண்டு திரிந்ததை அவன் மறுவாரமே கீழே போட்டிருக்கிறான். எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த பேனா மூடியைக் கடித்து உடைத்தேன்.

வண்டிக்குள் என்ன பேசினார்கள் என்பது முகப்புக் கேமராவில் பதிவாகியிருக்கிறது. நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

“இந்த வண்டியில நின்னா இன்ஜின் தானா அணைஞ்சிடும். பெரியவங்களுக்குக் குழப்பமா இருக்கும்னு சாதாரணமா அதை நிறுத்தி வைப்போம். நிறுத்தி வைக்கட்டுமா, இருக்கட்டுமா?” இது சனாயே.

“என்னம்மா என்கிட்டப் போய் இதைக் கேக்கற? இந்த ஊருக்கு அதைக் கொண்டுவந்ததே நான்தான். ஒன்பது வண்டி. சுவர்ல மரம் வரைஞ்சு இலை ஒட்டினவன் நான். இருக்கட்டும், இருக்கட்டும்.”

“சரி. தேர்வு முடிஞ்சதுன்னு நான் வாயால சொல்ற வரைக்கும் தேர்வு நடக்குது. ஞாபகம் வச்சுக்கோங்க.”

“ஞாபகமெல்லாம் நமக்கு நல்லாவே இருக்கு.”

அவன் நன்றாகத்தான் ஓட்டினான், அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகும். நிறுத்தக் கோட்டில் மட்டும் சக்கரம் கொஞ்சம் முன்னால் போய் நின்றது, அதற்குப் பத்து மதிப்பெண் போயிற்று. நூற்றில் எழுபது இருந்தால் தேறிவிடலாம். தொண்ணூறோடு கடைசித் திருப்பத்தைத் தாண்டி, கிளம்பிய இடத்துக்கே வந்தான். அந்த இடம் லேசான சரிவு. எதிரே புல்மேடு, ஆள் யாரும் இல்லை. பிரேக்கை மிதித்தான், வண்டி நின்றது. இன்ஜின் அணைந்தது.

அமைதி வந்ததும் அவனுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. கியர் ஓட்டத்திலேயே இருந்தது, கைப்பிரேக் கீழே இருந்தது. அவன் பெல்ட்டைக் கழற்றினான், கதவைத் திறந்தான், “எப்படி ஓட்டினேன்?” என்று சிரித்துக்கொண்டே ஒரு காலை வெளியே வைத்தான். பெல்ட் கழன்றதும் இன்ஜின் உயிர்பெற்றது. மணி ஒலித்தது. வெளியே வைத்தது பிரேக்கை மிதித்திருந்த கால். வண்டி சரிவில் நகர்ந்தது.

தேர்வாளர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. சனாயேவின் கால் அதன் மேலேயே இருந்தது. ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் எண்ணினேன், ஒன்று, இரண்டு. வெளியே வைத்த கால் தரையில் இழுபட, அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். மூன்று எண்ணும்போது அவள் மிதித்தாள். முன்னமே மிதித்திருக்கலாம்தான். பதிவில் அந்த இடத்தில் அவன் மூச்சு மட்டும் கேட்கிறது.

பிறகு அவள் குரல், தேர்வு விதிகளைப் படிக்கிற அதே தொனியில்.

“அன்னிக்கும் இப்படித்தானே சார்? ஷிமோஹிரா சான் கொட்டகைக்கு மேல, அந்தச் சரிவுல. நின்னுட்டுதுன்னு நினைச்சுக் கதவைத் திறந்தீங்க.”

“வண்டி தானாக் கிளம்பிடுச்சு. அன்னிக்கும் தானாத்தான் கிளம்புச்சு, நான் ஒண்ணும் பண்ணல, என் காலு…” அவன் அங்கே நிறுத்துகிறான். “யாரு நீ?”

“மொட்டை.”

மணி இன்னும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. பிறகு, “தேர்வு முடிஞ்சது. என் பக்கத்து பிரேக்கை நான் மிதிக்க வேண்டியதாயிடுச்சு, அதுக்கு முப்பது. அறுபது மதிப்பெண். தேறல.”

அந்தப் பதிவை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்பது விதி. நான் நகல் எடுத்து சனாயே கையில் கொடுத்தேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் கொடுத்தேன்.

முடிவு சொல்கிற சின்ன அறையில் அவள் மேஜைமேல் இரண்டு இலைகளையும் பிரித்து வைத்தாள். அவன் தன் கையெழுத்தைப் பார்த்தான். கதவைத் திறந்தே வைத்திருந்தாள், நான் கேட்பதற்காக.

“பழைய விஷயம்மா. எல்லாம் முடிஞ்சு போச்சு. இப்ப தோண்டி யாருக்கு என்ன லாபம்?”

“எனக்கு லாபம்.”

“எனக்கும் குடும்பம், பேரு எல்லாம் இருக்கு. அன்னிக்கு எனக்கு ரிட்டயர் ஆக நாலு வருஷம். நீ சின்னப் பொண்ணு, சமாளிச்சுக்குவன்னு…”

“தேர்வுக்கு நீங்க எத்தனை தடவை வேணும்னாலும் வரலாம். வேற ஆளைப் போடுவாங்க, நான் குறுக்க நிக்கமாட்டேன். ஆனா நவம்பர்ல ஷிமோஹிரா சான் வீட்டுல பழம் தொங்கவிடுவாங்க. ரெண்டாவது வியாழக்கிழமை, மதியம். நீங்க அங்க வந்து உங்க வாயால சொல்லணும். வரலன்னா அதே மாசம் உங்க சங்கத்துப் பொதுக்கூட்டத்துல இந்தக் குரல் கேக்கும்.”

“இது மிரட்டல்மா.”

“ஆமா சார்.”

அவன் மறுபடி இரண்டு முறை தேர்வுக்கு வந்தான். நான் ஒழுங்காக வேறு தேர்வாளர்களைத்தான் போட்டேன். ஆனால் பயம் அவன் காலில் ஏறிவிட்டது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் இன்ஜின் அணைந்ததும் உடம்பு விறைத்துப்போய், இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு, பச்சை விழுந்தும் எடுக்கமாட்டான் என்று தேர்வாளர்கள் சொன்னார்கள். பிறந்தநாள் வந்தது, உரிமம் காலாவதியானது.

நவம்பர் இரண்டாவது வியாழக்கிழமை சனாயேவின் வண்டியில் நானும் போனேன். அழைக்கவில்லை, நானாகத்தான் ஏறிக்கொண்டேன். கொட்டகை முழுக்க ஆரஞ்சுத் திரை தொங்கியது. ஷிமோஹிரா, அவர் மனைவி, பழம் கோக்க வந்த நாலைந்து பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். சனாயேவைக் கண்டதும் ஷிமோஹிரா வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றில் முடிச்சுப் போட்டார். நாங்கள் வேலியோரம் நின்றோம். வரமாட்டான் என்றுதான் நான் நினைத்தேன்.

வந்தான். பேருந்து கீழ்த்தெருவோடு நின்றுவிடும், அங்கிருந்து மேடு முழுக்க நடந்து வந்திருந்தான். அதே நல்ல கோட்டு, ஆனால் பித்தளை வில்லை இல்லை. மூச்சு வாங்க ஷிமோஹிராவின் எதிரே நின்றான்.

“கராசாவா. அந்தக் கம்பெனியில மேனேஜரா இருந்தேன். அன்னிக்கு வேனை ஓட்டினது நான். இந்தப் பொண்ணு இல்ல. முத்திரையைக் குத்தினதும் நான்தான்.”

பெண்களின் கைகள் நின்றுவிட்டன. ஷிமோஹிரா அவனைப் பார்க்கவில்லை, சனாயேவைப் பார்த்தார். கையிலிருந்த கயிற்றை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அப்ப நீங்க எதுக்கு அன்னிக்குக் குனிஞ்சீங்க?”

“வேற வழி தெரியல.”

“நான் சொல்லாம உள்ள போயிட்டேனே. இத்தனை வருஷம்.” அவர் கையை வேலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்தார். அவள் நிமிர்ந்து நேராகத்தான் நின்றுகொண்டிருந்தாள். ஆனாலும் அவர் சொன்னார். “கிதாஹாரா சான், தலையை நிமிர்த்துங்க. தயவுசெஞ்சு நிமிர்த்துங்க.”

சனாயே அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். சத்தமில்லாமல், முகத்தைக்கூடத் துடைக்காமல் அழுதாள்.

அதற்குள் கராசாவா மண்டிபோட்டுக் குனிந்திருந்தான். இரண்டு உள்ளங்கையும் மண்ணில், நெற்றி மண்ணில். ஷிமோஹிராவின் மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

“இவருக்கு நான் சொல்றது முறையில்ல. நீங்கதான் சொல்லணும்” என்றார் சனாயேவிடம்.

சனாயே குனிந்த தலையைப் பார்த்தாள். பிடரியில் நரைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது. அவள் கை லேசாக அசைந்ததையும் நான் கவனித்தேன். அமுக்கப் போகிறாள் என்று நினைத்தேன், அமுக்கவில்லை. கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“உள்ள வாங்க கிதாஹாரா சான். டீ ஆறிடும்” என்றாள் ஷிமோஹிராவின் மனைவி.

போனோம். அடியில் கணப்பு வைத்த தாழ்வான மேஜைமேல் போர்த்தியிருந்த போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். போன வருஷத்துக் காய்ந்த பழம், உப்பிட்ட நோசாவா கீரை, டீ. சனாயே மூன்று பழம் தின்றாள், மெதுவாக, கொட்டையைச் சுற்றிக் கடித்து. ஷிமோஹிரா பனி எப்போது விழும் என்று பேசினார். இரண்டாவது கோப்பை டீயும் குடித்தோம். கண்ணாடிக் கதவு வழியாக ஆரஞ்சுத் திரைக்குக் கீழே கோட்டின் முதுகு தெரிந்தது. பெண்கள் அதைச் சுற்றி நடந்து கூடைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும்போது ஷிமோஹிரா ஒரு பொட்டலம் பழத்தை அவள் கையில் திணித்தார். வண்டியில் ஏறினோம். அவள் முதலில் பொத்தானை அழுத்தினாள், பிறகு பெல்ட் போட்டாள். வேலி தாண்டித் திரும்பும்போது நான் பின்னால் பார்த்தேன். அப்படியேதான் இருந்தான்.

கீழ்த்தெரு சிவப்பு விளக்கில் நின்றோம். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

“அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாமலே வந்துட்டியேம்மா” என்றேன்.

சனாயே தலையைச் சாய்த்துக் கொஞ்சம் யோசித்தாள்.

“சொல்லணும்னு எனக்கு ஞாபகமில்லையே அக்கா.”